கத்திக்கு முன்னால் ஒரு பெயர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை சுமந்த தலைமுறையில் கட்டி இல்லாத உடம்பைப் பார்ப்பது அரிது. பிடரியும் முதுகும் கூடும் இடத்தில் ஒருவருக்கு நெல்லிக்காய் அளவு, இன்னொருவருக்கு எலுமிச்சை அளவு. மூட்டை வந்து அமரும் இடத்தில் தோல் கறுத்துக் காய்த்திருக்கும். அதற்கடியில் நீர் கோத்த பை உருவாகியிருக்கும். சிலருக்கு அங்கேயே கொழுப்புத் திரண்டு நிற்கும். யாரும் இதை நோய் என்று எண்ணியதில்லை. அரிசி, மிளகு, சுக்கு, கொப்பரை என்று படகுத் துறைக்கும் பண்டகசாலைக்கும் இடையில் நாள் முழுக்க நடந்தவர்களுக்கு அது தொழிலோடு வந்த ஒன்று.

என் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து செங்கோட்டை வழியாக அங்கே வந்து ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதினார். அம்மாவின் கடைசித் தம்பி, என் மாமா, அப்பாவின் பின்னாலேயே வந்தார். கணக்கு அவருக்கு ஒத்துவரவில்லை, சுமைக்குப் போனார். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் சாப்பா காலத்து ஆட்கள். விடியற்காலையில் கூடி நிற்கும் கூட்டத்தை நோக்கிக் கங்காணி சாப்பா என்ற உலோக வில்லைகளை வீசி எறிவான். அடிபிடியில் எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்குத்தான் அன்றைக்குக் கூலி. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள். மாமா சுமைக்குப் போனபோது சாப்பா ஒழிந்திருந்தது. அது ஊட்டிய பயம் ஒழியவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் நம் இடத்தில் நாளைக்கு வேறு ஆள் நிற்பான் என்ற பயம். 1978ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் மாமாவின் கூட்டாளிகளிடம் அது அப்படியே இருந்தது.

பிடரியில் கட்டி போல, காலில் வீக்கமும் எங்கள் ஊரில் கேள்விக்கு உரியதாக இல்லை. கால் வீங்கினால் மந்து, அதாவது யானைக்கால், அவ்வளவுதான். யானைக்காலுக்கு ஐரோப்பியர்கள் கொச்சிக் கால் என்றே ஒரு பெயர் வைத்திருந்தார்கள் என்றால் அது எவ்வளவு பரவியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் சிறுவனாக இருந்தபோது ராத்திரி ஊரடங்கிய பிறகு சுகாதார ஊழியர்கள் விளக்கோடு வருவார்கள். யானைக்கால் நுண்புழுக்கள் இரவில்தான் மேலோட்ட ரத்தத்துக்கு வரும் என்பதால் அந்த நேரம். தூக்கக் கலக்கத்தில் எங்களை எழுப்பி உட்காரவைத்து, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை இழுப்பார்கள். அந்தக் கண்ணாடித் துண்டுகளை அவர்கள் மரப்பெட்டியில் வரிசையாக அடுக்குவதைப் பார்த்துத்தான் எனக்கு லேப் வேலையின் மேல் முதலில் ஆசை வந்தது.

கட்டியும் வீக்கமும் அன்றாடமாகிப்போன ஊரில் அன்றாடம் அல்லாத ஒன்று வந்தால் அது எப்படிக் கண்ணில் படும்? லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்த காலம் முழுக்க என்னை விடாமல் பிடித்திருந்த கேள்வி இது.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறி எர்ணாகுளம் போய், ஒரு மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவில் சேர்ந்தேன். அறுத்தெடுத்த சதை ஃபார்மலின் டப்பாவில் வரும். அதைத் துண்டுபோட்டு, நீரை வடித்து, மெழுகில் பதித்து பிளாக்காக்கி, மைக்ரோடோமில் நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏற்றி, சாயம் பிடிப்பது எங்கள் வேலை. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொழுப்புச் சதை இதில் பெரும் சோதனை. சரியாகப் பதப்படாவிட்டால் கத்தியின் கீழ் நொறுங்கும். லைப்போமா வந்தால் நாங்கள் அதைக் கூடுதல் நேரம் ஊறவிடுவோம்.

வருபவற்றில் பெரும்பாலானவை லைப்போமாதான். தோலுக்கு அடியில் கொழுகொழுவென்று, தொட்டால் நழுவும் கொழுப்புக் கட்டி. அடுத்தபடியாக நரம்புறையில் முளைக்கும் ஷ்வானோமா. நரம்பின் மேல் இருப்பதால் அதைப் பக்கவாட்டில் அசைக்கலாம், நீளவாக்கில் அசையாது. அழுத்தினால் கை நுனிவரை மின்சாரம் ஓடும். ரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்டு வரும் ஹீமாஞ்சியோமா. நார்த்திசுவில் வரும் டெஸ்மாய்டு. இது உடம்பின் வேறிடத்துக்குப் பரவாது, ஆனால் இருக்கும் இடத்தில் வேர்விட்டு, வெட்டினாலும் திரும்ப வரும். நல்லது கெட்டது என்று இரண்டு பெட்டிகளில் அடங்காத இப்படிப்பட்ட நடுத்தரக் கட்டிகள் தனி வகுப்பு. கடைசியில் சார்க்கோமாக்கள். கொழுப்பில், தசையில், நாரில், குழாயில், நரம்பில் எழும் புற்றுநோய்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டு நூல், ஐந்தாம் பதிப்பு 2020இல் வந்தது, மென்திசுக் கட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்துக் காட்டுகிறது.

இத்தனை வகை இருந்தும் சார்க்கோமா அபூர்வம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. தீங்கற்ற மென்திசுக் கட்டிகள் நூறு வந்தால் தீங்கானது ஒன்று வரும், அதுவும் வராமல் போகலாம். ஆபத்தே இந்த அபூர்வத்தில்தான் இருக்கிறது. ஆயுளில் ஒன்றிரண்டு சார்க்கோமாவைக்கூடப் பார்த்திராத மருத்துவருக்கு, கையில் தட்டுப்படும் ஒவ்வொன்றும் கொழுப்புக் கட்டியாகவே தெரியும். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருந்துவிடும்.

எங்கள் பிரிவின் தலைமை டாக்டரின் மேஜையில் என்சிங்கரும் வைஸும் எழுதிய தடித்த புத்தகம் எப்போதும் திறந்தே கிடக்கும். முதல் பதிப்பு 1983இல் வந்த அந்த நூல்தான் இந்தத் துறைக்கு வேதம். மேடம் என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். சாயம் பிடித்த ஸ்லைடைக் கொண்டுபோய் வைத்தால், முதலில் நோயாளியின் விவரத் தாளைக் கேட்பார். வயசு, இடம், அளவு, ஆழம், எத்தனை நாளாக. தாளில் “கட்டி” என்று மட்டும் எழுதியிருந்தால் அனுப்பிய டாக்டருக்கு அப்போதே போன் போகும். “இதெல்லாம் தெரியாம ஸ்லைடைப் பாக்கறது பாதிக் கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கறது மாதிரி” என்பார். ஒரே மாதிரி சுழித்து ஓடும் செல்கள் குழந்தையின் கையில் இருந்தால் ஒன்று, கிழவரின் தொடையில் இருந்தால் வேறொன்று.

தொடைதான். சார்க்கோமா மிக அதிகமாக வரும் இடம் தொடை.

மாமாவுக்கு ஐம்பது நெருங்கும்போது வலது தொடையின் உள்பக்கம் கனத்தது. வேட்டி கட்டும் மனிதர், யார் கண்ணிலும் படவில்லை. மாமி கண்டுபிடித்துக் கேட்டபோது மந்துதான் மேலே ஏறுகிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தெருவில் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வலி கிடையாது. “வலிக்கவே இல்லையே, பொறகு டாக்டர் என்னத்துக்கு?” என்பது அவர் கட்சி. வலிக்கும் கட்டியைக் கண்டுதான் மனிதர்கள் பயப்படுகிறார்கள். மென்திசுச் சார்க்கோமா பெரும்பாலும் வலிக்காமல்தான் வளரும். நரம்பையோ எலும்பையோ அழுத்தும்வரை அது இருப்பதே தெரியாது. தொடையில் இடமும் தாராளம்.

சுமை இறக்கிக் குந்த முடியாமல் போனபோது, எனக்கும் சொல்லாமல், ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கிறார். தடவிப் பார்த்து, கொழுப்புக் கட்டி என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, குறுக்கே கீறி, வந்த மட்டும் தோண்டி எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. தையல் பிரித்த தழும்போடு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. “எடுத்தத என்ன செஞ்சாங்க மாமா?” என்று கேட்டேன். “வாளியில போட்டாங்கலே” என்றார். அந்த வாளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்தச் சதையில் ஒரு துண்டு போதும், எல்லாமே சில மாதங்கள் முன்னதாகத் தெரிந்திருக்கும்.

அந்த வருஷம் முடிவதற்குள் தழும்புக்கு அடியிலேயே அது திரும்ப வந்தது. இந்த முறை நான் விடவில்லை. படகில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

சர்ஜன் தொடையைத் தொட்டுப் பார்த்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் மாமாவைக் காலை இறுக்கச் சொன்னார். தசை இறுகும்போது கட்டி அசையாமல் நின்றது; அப்படியென்றால் அது தசையுறைக்கு உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. அளவு நாடா வைத்தார், 5 சென்டிமீட்டரைத் தாண்டியது. தீங்கற்ற மென்திசுக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மேலோட்டமாகவே இருப்பவை, தொண்ணூற்றைந்து 5 சென்டிமீட்டருக்கு உட்பட்டவை. பெரியது, ஆழமானது, வளர்வது, எடுத்தும் திரும்பியது என்று நான்கு அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். மாமாவுக்கு நான்கும் இருந்தன. குறுக்குத் தழும்பைப் பார்த்ததும் சர்ஜன் ஒன்றும் பேசாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார். கையிலும் காலிலும் நீளவாக்கில் கீற வேண்டும். அப்போதுதான் பிறகு கட்டியை எடுக்கும்போது பழைய தடத்தையும் சேர்த்து எடுக்க முடியும். குறுக்கே கீறினால் செல்கள் ரத்தக் கசிவோடு கலந்து பக்கத்துத் தசை அறைகளுக்கும் பரவியிருக்கலாம்; எடுக்க வேண்டிய பரப்பு இரட்டிப்பாகும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கொழுப்பின் வெண்மை கொஞ்சம், நீர் நிறைந்த கூழ் போன்ற பகுதி நிறைய. தொடையின் பெரிய ரத்தக் குழாய் ஒதுங்கியிருந்தது, சூழப்படவில்லை. அதற்குப் பிறகுதான் ஊசி. படம் முதலில், ஊசி பிறகு என்பதை மேடம் விட்டுக்கொடுக்க மாட்டார். ஊசி போட்டுக் கசிந்த ரத்தம் படத்தைக் கலக்கிவிடும். வெறும் செல்களை உறிஞ்சும் மெல்லிய ஊசி இதற்குப் போதாது. ட்ரூகட் ஊசி என்று ஒன்று, சதையைச் சின்னக் குச்சியாகவே அறுத்தெடுக்கும். எந்த இடத்தில் குத்துவது என்பதை நாளைக்கு அறுவை செய்யப்போகும் சர்ஜனே குறித்துக் கொடுத்தார். சதைக்குச்சிகள் மூன்றும் என் கைக்கு வந்தன.

டப்பாவின் மேல் மாமாவின் பெயர். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று சக ஊழியர்கள் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. பதப்படுத்துவதில் அவசரப்படாமல் ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பிளாக்கை ஐஸில் வைத்துக் குளிரவிட்டுச் சீவினேன். ரிப்பன் அறுபடாமல் வந்தது. அந்தக் காலையில் வேறு எதைப் பற்றியும் நான் நினைக்கவில்லை. மடிப்பு விழக் கூடாது, சாயம் கூடக் கூடாது, மேடத்தின் கண்ணுக்கு எந்த இடையூறும் இருக்கக் கூடாது.

மேடம் பார்த்துவிட்டு என்னையும் இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பின் மறுபக்கம் உட்காரச் சொன்னார். வெளிர்நீலக் கூழில் சின்னச் சின்ன உருண்டைச் செல்கள் சிதறிக் கிடந்தன. அவற்றினூடே மிக மெல்லிய ரத்தக் குழாய்கள் கிளைபிரிந்து கிளைபிரிந்து, கோழிக்கூண்டின் கம்பிவலை போல. அங்கங்கே, உட்கருவைக் கொழுப்புத் துளி ஒரு பக்கமாகத் தள்ளி அமுக்கியிருக்கும் செல்கள். மிக்ஸாய்டு லைப்போசார்க்கோமா. உருண்டைச் செல்கள் நெருக்கியடித்து நிற்கும் பகுதி 5 விழுக்காட்டைத் தாண்டினால் வீரியம் கூடிய ரகம் என்று கணக்கு. மாமாவுடையதில் அதைவிடக் குறைவு. பின்னாளில் என்றால் இதை உறுதிசெய்ய ஃபிஷ் சோதனை செய்திருப்போம்; பன்னிரண்டாவது, பதினாறாவது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவாக வரும் கட்டி இது. அன்றைக்கு மேடத்தின் கண்ணும் அந்தப் புத்தகமும்தான்.

இந்தப் பெயர் தெரிந்ததால் என்ன கிடைத்தது என்று கேட்டால், எல்லாமே என்பேன். மற்றச் சார்க்கோமாக்கள் ரத்தத்தின் வழி முதலில் நுரையீரலைத் தேடிப் போகும். மிக்ஸாய்டு வகைக்கு முதுகெலும்புக்கும் வயிற்றின் பின்புறத்துக்கும் போகும் குணமும் உண்டு. ஆகவே அங்கெல்லாம் தேடினார்கள், எதுவும் இல்லை. கொழுப்புச் சார்க்கோமாக்களிலேயே இது கதிர்வீச்சுக்கு நன்றாக மசிவது. ஆகவே காலை வெட்டும் பேச்சே எழவில்லை. 1982இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ரோசன்பர்க்கும் கூட்டாளிகளும் 43 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு, காலை வெட்டியவர்களும், கட்டியை மட்டும் அகலமாக எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுக்கப்பட்டவர்களும் ஒரே அளவில் உயிர்வாழ்ந்ததைக் காட்டியது. சிறிய ஆய்வுதான். ஆனால் உலகெங்கும் அதன் பிறகு எத்தனையோ பேர் இரண்டு காலோடு நடந்திருக்கிறார்கள், அவர்களில் மட்டாஞ்சேரிச் சுமைத் தொழிலாளி ஒருவரும் உண்டு.

அறுவையில் பழைய குறுக்குத் தழும்பு முழுவதையும் சேர்த்து எடுத்தார்கள். எடுத்த சதையின் வெளிப்புறம் முழுக்க மை பூசி, மை தொடும் இடத்தில் கட்டியின் செல் இருக்கிறதா என்று துண்டு துண்டாகப் பார்த்தோம். இல்லை. முதல் கத்தி ஒழுங்காக விழுந்திருந்தால் இதில் பாதிச் சதை மாமாவின் காலிலேயே இருந்திருக்கும். கதிர்வீச்சுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. போனோம். எம். கிருஷ்ணன் நாயர் முன்னின்று 1981இல் உருவாக்கிய அந்த மண்டலப் புற்றுநோய் மையத்தின் வராந்தாவில் பாதிப் பேர் எல்லை தாண்டி வந்த தமிழர்கள். நாகர்கோவில், தென்காசி, செங்கோட்டை. மாமாவுக்கு அங்கே ஊர்க்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் தங்கிய இடத்தில் அவர் பேச்சு முழுக்க ஒன்றுதான்: “எனக்கு வெட்டினத வாளியில போட்டுட்டாங்க. நீரு போடவிடாதீரும், கேட்டு வாங்கி லேபுக்கு அனுப்பும்.”

மறுபடி அவரால் மூட்டை தூக்க முடியவில்லை. தொழிற்சங்க ஆபீஸில் பேரேடு பார்த்துக்கொண்டார். அங்கிருந்துதான் என்னிடம் ஆள் அனுப்பத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுத் திண்ணையில் யாராவது சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாமா ஒரு வக்கீல் போலக் கேட்பார். எப்ப வந்தது, பெரிசாகுதா, இறுக்கினா அசையுதா? பிடரியில் பல வருஷமாக ஒரே அளவில் இருப்பதைக் கண்டால் அவரே தைரியம் சொல்லி அனுப்பிவிடுவார். மற்றவர்களை என்னோடு படகில் ஏற்றுவார்.

அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்குக் கன்னத்தில் பட்டாணி அளவில் முண்டு. எடுத்துச் சீவினால் உள்ளே சுருண்டு கிடந்தது புழு. வெளித்தோலில் நீளவாக்கில் வரப்பு வரப்பாக மேடுகள். டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ், நாயின் உடம்பில் வாழ்ந்து கொசு வழியாக மனிதனுக்குள் வழிதவறி வருவது. கேரளத்தில் இது அடிக்கடி கட்டி வேஷம் போட்டு வரும். புழுவை எடுத்ததோடு வைத்தியம் முடிந்தது. இன்னொருவருக்குக் கிடைத்த பெயர், அந்தக் காலத்தில் தாராளமாகப் புழங்கிய எம்.எஃப்.ஹெச். இனம் தெரியாத முரட்டுச் சார்க்கோமாக்களை எல்லாம் அந்தப் பெயரில் போட்டுவைப்பார்கள். 1992இலேயே கிறிஸ்டோபர் ஃப்ளெட்சர் அப்படிப்பட்ட 159 கட்டிகளைத் திரும்ப ஆராய்ந்து, பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குத் துல்லியமான வேறு பெயர் உண்டு என்று காட்டியிருந்தார். எங்கள் லேபில் இம்யூனோ சாயங்கள் வந்த பிறகு மேடம் பழைய பிளாக்குகளை எடுத்துவரச் சொன்னார். அவருடையதில் டெஸ்மின் சாயம் பிடித்தது, தசையில் எழுந்த லெயோமயோசார்க்கோமா அது. மற்ற பல பிளாக்குகளும் அந்த வருஷம் பெயர் மாறின.

மாமா அனுப்பியவர்களில் என்னால் மறக்க முடியாதவன் ஒரு பையன். சுமை வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. முழங்காலின் பின்குழியில் கட்டி, 5 சென்டிமீட்டர்கூட இல்லை. கேங்லியான் என்ற நீர்க்கட்டி, உடைத்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாமா காலை நீட்டச் சொல்லி, இறுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “சின்னதுதான், ஆனா ஆழத்துல இருக்கு. நீ கூட்டிட்டுப் போலே” என்றார். எம்.ஆர்.ஐ., ட்ரூகட், பிறகு குரோமோசோம் சோதனை, எல்லாம் வரிசைப்படி நடந்தது. சைனோவியல் சார்க்கோமா, இளவயதில், மூட்டுக்குப் பக்கத்தில், சின்னதாக, நிதானமாக வளர்ந்து எல்லோரையும் ஏமாற்றுவது. மருந்தும் கதிர்வீச்சும் முன்பின்னாகத் திட்டமிட்டுக் கொடுத்தார்கள். அவனுக்கு அறுவை ஒரே ஒரு முறை நடந்தது, நீளவாக்கில் கீறி. விளிம்புகளில் கட்டி இல்லை என்று மேடம் எழுதிய ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றை மாமா கேட்டு வாங்கி, சங்க ஆபீஸ் பேரேட்டுக்குள் வைத்துக்கொண்டார். பையன் இப்போதும் நெஞ்சு ஸ்கேனுக்குத் தவறாமல் வருகிறான்.